இவர் இனிமேல் பெரியவர் என்று யார் சொல்வது? தெற்கு ஆப்பிரிக்க 'வளரும் கதை'களைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

இந்த வகைக் கதைகளுக்குத் தமிழில் ஒரு பெயர் வைக்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் அடியிலேயே வழுக்குகிறது. 'வயதுக்கு வரும் கதை' என்று எழுதினால் படிக்கிறவர் நேராக மஞ்சள் நீராட்டு விழாப் பந்தலுக்குப் போய்விடுவார். 'ஆளாகும் கதை' என்றாலும் அதே பந்தல்தான். 'பெரிய மனுஷி ஆன கதை' என்றால் கேட்கவே வேண்டாம். பெண்பிள்ளைக்கு இத்தனை சொல் வைத்திருக்கிறோம், பையனுக்கு 'மீசை முளைத்துவிட்டது' என்பதோடு சரி. ஒரு பிள்ளை வீட்டையும் ஊரையும் தன் கண்ணால் பார்க்கத் தொடங்கி, தனக்கென்று ஒரு புத்தி உண்டாகிற வரைக்குமான கதை என்பதைச் சொல்ல நம்மிடம் கச்சிதமான சொல் இல்லை. அதனால் இங்கே 'வளரும் கதை' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் தாராளமாக மாற்றிப் படியுங்கள்.

ஆனால் அந்த வழுக்கலிலேயே ஒரு விஷயம் மாட்டிக்கொண்டிருக்கிறது. 'இவள் பெரியவளாகிவிட்டாள்' என்று அறிவிப்பது அந்தப் பெண்ணா? வீடு அறிவிக்கிறது, அத்தை அறிவிக்கிறாள், பத்திரிகை அடித்து ஊருக்கே சொல்கிறார்கள். பெரியவர் ஆவதற்கு வெளியே யாராவது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வளரும் கதைகளைப் படிக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: இந்தப் பிள்ளையைப் பெரியவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டியவர் யார், அவர் ஒப்புக்கொள்கிறாரா?

ஒரு சின்ன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கா ஒரு நாடு. தெற்கு ஆப்பிரிக்கா என்பது அதையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்த்த வட்டாரம்: ஜிம்பாப்வே, மொசாம்பிக், போட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, மலாவி, ஜாம்பியா, அங்கோலா இப்படி. சில இடங்களை ஆண்டது ஆங்கிலேயர், மொசாம்பிக்கையும் அங்கோலாவையும் ஆண்டது போர்ச்சுக்கல், நமீபியாவை முதலில் ஜெர்மனியும் பிறகு 1990 வரை தென்னாப்பிரிக்காவும் வைத்திருந்தன. அதனால் ஒரு ஊர்ப் பிள்ளையின் பள்ளிக்கூடமும் இன்னொரு ஊர்ப் பிள்ளையின் பள்ளிக்கூடமும் ஒன்றாக இருக்காது. 'ஆப்பிரிக்கக் கதை' என்று ஒரே பையில் போட்டுக் கட்டினால் எல்லாம் கலந்து எதுவும் புரியாமல் போகும்.

சரி, வளரும் கதையின் பழைய அச்சு எங்கிருந்து வந்தது? ஜெர்மனியிலிருந்து. அங்கே இதற்கு 'பில்டுங்ஸ்ரோமான்' என்று பெயர், கெதே 1795-96இல் வெளியிட்ட வில்ஹெல்ம் மைஸ்டர் நாவலைத்தான் எல்லோரும் முன்மாதிரியாகக் காட்டுவார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒரு இளைஞன் வீட்டை விட்டுக் கிளம்புவான், ஊர் சுற்றுவான், காதலிப்பான், ஏமாறுவான், அடிபட்டுத் தெளிந்து கடைசியில் ஊரோடு ஒத்துப்போய்த் தனக்கான நாற்காலியில் உட்காருவான். இந்த அச்சுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, இவன் பக்குவப்பட வேண்டியதுதான் பாக்கி.

இனவெறிச் சட்டங்களின் கீழ் இருந்த தென்னாப்பிரிக்காவில் ஒரு கறுப்பினப் பையனுக்கு இந்த அச்சைப் பொருத்திப் பாருங்கள். 1952இல் வந்த சட்டப்படி 16 வயது தாண்டிய கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் கையில் அடையாளப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். அதில் புகைப்படம் இருக்கும், எந்த ஊரில் தங்க அனுமதி என்பது இருக்கும், வேலை கொடுத்தவரின் கையெழுத்து இருக்கும். போலீஸ் கேட்கும்போது கையில் இல்லையென்றால் கைது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'டோம்பாஸ்', அங்கே டச்சு வழிவந்த வெள்ளையர் பேசுகிற ஆப்பிரிகான்ஸ் மொழியில் முட்டாள் அனுமதிச்சீட்டு என்று பொருள். அந்தச் சட்டம் 1986இல்தான் ஒழிந்தது. ஆக, அங்கே 16 வயது என்பது அரசாங்கம் உன்னைக் கண்டுகொள்கிற வயது, ஆனால் கண்டுகொள்வது பிடித்துப் போடுவதற்காக. இன்னொரு பக்கம், அதே ஆள் 60 வயதாகி நரைத்து வெள்ளைக்காரர் தோட்டத்தில் வேலை செய்தாலும் அவருக்குப் பெயர் 'பாய்', அதாவது ஆங்கிலத்தில் பையன். தோட்டக்காரரும் 'பாய்', வீட்டு வேலைக்காரரும் 'பாய்'. சட்டம் 16 வயதிலேயே பிடித்துக்கொள்ளும், பேச்சு சாகிற வரைக்கும் சிறுவனாகவே வைத்திருக்கும். இங்கே கெதேயின் நாற்காலியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

நெல்சன் மண்டேலா தன் சுயசரிதையில் சொல்கிற ஒரு சம்பவம் என் மனதில் அப்படியே நிற்கிறது. அவர் பிறந்த ஹோசா இன மக்களின் வழக்கப்படி விருத்தசேதனச் சடங்கு முடிந்தால்தான் பையன் ஆண்மகன். அது முடியாதவன் சொத்துக்கு உரிமை கேட்க முடியாது, கல்யாணம் செய்ய முடியாது, சபையில் அவன் பேச்சு எடுபடாது. மண்டேலாவுக்கு அது நடந்தது 1934இல், 16 வயதில், ம்பாஷே ஆற்றங்கரையில். கத்தி பட்டதும் 'நான் ஆண்மகன்' என்று உரக்கக் கத்த வேண்டும். எல்லாம் முடிந்து, பரிசாக வந்த ஆடு மாடுகளை எண்ணிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிற நேரத்தில், மெலிக்கிலி என்ற தலைவர் எழுந்து பேசுகிறார். இந்தப் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்த ஆண்மைப் பட்டம் வெறும் வாக்குறுதிதான், சொந்த மண்ணிலேயே அடிமையாக இருக்கிற நம்மால் அதை நிறைவேற்றித் தர முடியாது என்கிற மாதிரி. அந்த வயதில் மண்டேலாவுக்கு வந்தது கோபம், அதுவும் அந்தத் தலைவர் மேல், நல்ல நாளைக் கெடுத்துவிட்டாரே என்று. அந்தப் பேச்சு உள்ளே இறங்க வருஷங்கள் பிடித்திருக்கிறது. ஊர் பெரியவன் என்று ஒப்புக்கொண்ட அதே நாளில், நாடு ஒப்புக்கொள்ளாது என்பதும் காதில் விழுகிறது. இந்த வட்டாரத்தின் வளரும் கதைகளில் பலவற்றை இந்த ஒரு காட்சியை வைத்தே திறந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு நாவலை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஜிம்பாப்வே எழுத்தாளர் சித்சி டங்காரெம்ப்காவின் 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்', 1988இல் வந்தது. கதை நடக்கிற காலத்தில் அந்த நாட்டின் பெயர் ரொடீசியா. வெள்ளைச் சிறுபான்மை அரசாங்கம் 1965 நவம்பர் 11இல் பிரிட்டனிடமிருந்து தானாகவே பிரிந்துகொண்டு நடத்திய ஆட்சி, 1980இல்தான் நாடு ஜிம்பாப்வே ஆனது. கதை சொல்கிற பெண் தம்புட்ஸாய், வீட்டில் தம்பு. முதல் வாக்கியத்திலேயே, அண்ணன் செத்ததில் தனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் கதையை ஆரம்பிக்கிறாள். நானும் முதல் தடவை அங்கேயே நின்றுவிட்டேன், என்னடா இது, இவ்வளவு கல்நெஞ்சுக்காரியா என்று. காரணம் பின்னால் வருகிறது. வீட்டில் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட ஒரு பிள்ளைக்குத்தான் காசு இருக்கிறது, அது அண்ணனுக்குப் போகிறது. படித்த படிப்பைச் சமைத்துப் புருஷனுக்குப் போடுவாயா என்று அப்பா கேலி செய்கிறார். தம்பு விதை கேட்டு வாங்கித் தானே மக்காச்சோளம் போடுகிறாள். விளைகிற கதிர்கள் காணாமல் போகின்றன. எடுத்தது அண்ணன், மற்ற பிள்ளைகளுக்குத் தானம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவனை அவள் அடிக்கப் பாய்கிற இடம் இருக்கிறதே, அதைப் படித்த பிறகு அந்த முதல் வாக்கியத்துக்குத் திரும்பிப் போனால் அது வேறு வாக்கியமாகத் தெரியும்.

பிறகு வாத்தியார் ஒருவர் அவளை உம்தாலி நகரத்துக்குக் கூட்டிப்போகிறார், கதிர்களை விற்க. ஒரு வெள்ளைக்காரக் கிழவி வண்டியை நிறுத்தி, பிள்ளையை வேலை வாங்குகிறாயே என்று வாத்தியாரைத் திட்டுகிறாள். வாத்தியார் பணிந்து பணிந்து, இவள் சம்பளம் கட்டக் காசு சேர்க்கிறாள் என்று விளக்க, கிழவி 10 பவுண்டு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். கதிர் வாங்கவில்லை. கவனியுங்கள், அவள் உழைத்து விளைவித்த கதிருக்கு விலை கிடைக்கவில்லை, இரக்கத்துக்குத்தான் காசு கிடைத்தது. அந்தக் காசும் பள்ளித் தலைமை ஆசிரியர் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் அப்பா கேட்டு வருகிறார், மகள் காசு என் காசு என்று. எட்டு ஒன்பது வயதுப் பெண் சொந்தமாக ஒரு காரியம் செய்தால் அதை யார் யாருடையது என்று பங்கு போடுகிறார்கள் என்பது இந்தச் சில பக்கங்களிலேயே முழுசாக வந்துவிடுகிறது.

இந்த நாவலில் நமக்கு இனாமாகக் கிடைக்கிற ஒரு வசதியும் உண்டு. தம்புவைப் படிக்க வைக்கிறவரை அவள் 'பாபாமுகுரு' என்று அழைக்கிறாள். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று சொல்லி முடித்துக்கொள்ள வேண்டும். ஷோனா மொழியில் 'பாபா' அப்பா, 'முகுரு' பெரிய. அவர் தம்புவின் அப்பாவுக்கு அண்ணன். அப்படியே நம்ம பெரியப்பா! அவர் மனைவி 'மைகுரு', பெரியம்மா. அப்பாவின் தம்பி 'பாபாமுனினி', சித்தப்பா. அப்பாவின் அக்கா தங்கை 'தேதே', நம்ம அத்தை போலவே குடும்ப விவகாரத்தில் வாய்ஸ் உள்ள ஆள். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்த வாசகர், இந்த மாமா ஏன் எல்லாக் குடும்பத்துக்கும் படியளக்கிறார், ஏன் தம்பி பெண்ணின் வாழ்க்கையை இவர் தீர்மானிக்கிறார் என்று தடுமாறுவார். உங்களுக்கு விளக்கமே வேண்டாம். படித்து வேலைக்குப் போன பெரியப்பா வீட்டுக்கு வந்தால் எல்லோரும் எப்படி எழுந்து நிற்பார்கள், அவர் சொன்னதை எதிர்த்துப் பேச முடியாமல் அப்பா எப்படித் தலையாட்டுவார் என்பது எழுத்தில் வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். ஆனால் இந்த வசதியிலேயே ஒரு வலையும் இருக்கிறது. 'அட, நம்ம வீடு மாதிரியே' என்று சிரித்துக்கொண்டே போனால், அந்தப் பெரியப்பா மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியராகத் தன் இனத்தாரிடம் ராஜாவாகவும், அந்த மிஷனை நடத்துகிற வெள்ளைக்காரர்களிடம் நன்றிக்கடன் பட்டவராகவும் இருப்பது கண்ணில் படாமல் போய்விடும். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவரும் யாருடைய கண்ணிலோ இன்னும் முழுப் பெரியவர் ஆகவில்லை. வீட்டில் அவர் காட்டுகிற கோபத்தில் பாதி அங்கிருந்து வருகிறது என்பது என் கணிப்பு.

மொழியையும் விடக்கூடாது. பெரியப்பா குடும்பம் 1960இல் இங்கிலாந்து போய் 1965இல் திரும்புகிறது. தம்பு ஆசையாக ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் வயதுப் பெரியப்பா மகள் நியாஷாவுக்கு ஷோனா சரியாக வரவில்லை. அது கூடப் பரவாயில்லை, ஐந்து வருஷம் வெளிநாடு. மிஷன் பள்ளியில் கொஞ்ச காலம் படித்துவிட்டு லீவுக்கு வருகிற சொந்த அண்ணனும் ஷோனா மறந்துவிட்டவன் மாதிரி ஆங்கிலத்தில் பேசுகிறான், அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இங்கே வளர்வது என்றால் வீட்டோடு பேச்சு அறுந்துபோவது. அந்த அம்மா, பிள்ளைகளைக் கொல்வது இந்த ஆங்கிலத்தனம்தான் என்று பின்னால் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். நாவலில் படிப்பு விடுதலையாகவும் இருக்கிறது, விழுங்குகிற பூதமாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் கஷ்டம்தான்.

இவ்வளவு நேரம் ஒரே புத்தகத்தில் நின்றுவிட்டேன், பரவாயில்லை, அது தகும். அடுத்து, கதை சொல்கிற குரல். வளர்ந்தவள் திரும்பிப் பார்த்துச் சொல்வது ஒரு வகை, தம்பு அப்படி. பிள்ளையாக இருந்துகொண்டே, பாதி புரியாமல் சொல்வது இன்னொரு வகை. இதில் பிள்ளை பார்த்ததைச் சொல்லும், அர்த்தத்தை நாம் கூட்டிக்கொள்ள வேண்டும். நோவயலெட் புலவாயோவின் 'வி நீட் நியூ நேம்ஸ்' (2013) ஒரு நல்ல உதாரணம். ஜிம்பாப்வேயில் குடிசைப் பகுதியில் இருக்கிற டார்லிங் என்ற பத்து வயதுச் சிறுமியும் கூட்டாளிகளும் பணக்காரத் தெருவில் கொய்யா திருடித் தின்கிறார்கள். 'நாடு' விளையாட்டு விளையாடுகிறார்கள், ஆளுக்கு ஒரு நாட்டின் பெயர். எல்லோருக்கும் அமெரிக்கா வேண்டும், அடிதடியே நடக்கும். சில நாடுகளாக இருக்க யாருக்கும் இஷ்டமில்லை, தாங்கள் இருக்கிற இந்த நாடும் அந்த வேண்டாத பட்டியலில் இருக்கிறது. பிள்ளைகள் இதை விளையாட்டாகச் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். நாம்தான் கொஞ்சம் நின்று, புல்டோசர் வந்து வீட்டை இடித்ததாக அவள் ஏன் சொல்கிறாள் என்று யோசிக்க வேண்டும். 2005இல் ஜிம்பாப்வே அரசாங்கம் 'முராம்பட்ஸ்வினா' என்ற பெயரில் நகரக் குடியிருப்புகளை இடித்தது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. கணக்குச் சொன்னது. நாவலில் இந்தப் பெயரும் எண்ணிக்கையும் தேடினால் கிடைக்காது, ஒரு பிள்ளையின் கெட்ட கனவாகத்தான் கிடைக்கும்.

இதே பிள்ளைக்குரலைத் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் மார்க் பேர் வேறு மாதிரி பயன்படுத்தியிருக்கிறார். ஆப்பிரிகான்ஸில் 1993இல் வந்த நாவல், ஆங்கிலத்தில் 'தி ஸ்மெல் ஆஃப் ஆப்பிள்ஸ்'. 1973, கேப் டவுன் பக்கம், வெள்ளை ராணுவ ஜெனரலின் 11 வயது மகன் மார்னஸ். அவனுக்கு அப்பாதான் உலகம். அப்பா சொல்வதையெல்லாம் அப்படியே நமக்கு ஒப்பிக்கிறான், கறுப்பினத்தவர் பற்றியும் சேர்த்து. இந்தப் பையனுக்கு நாற்காலி தயாராகக் காத்திருக்கிறது. அதில் உட்கார அவன் கொடுக்க வேண்டிய விலை, கண்ணால் பார்த்ததைப் பார்க்காதவன் மாதிரி இருக்கப் பழகுவது. என்ன பார்த்தான் என்று நான் சொல்லப்போவதில்லை.

போர்ச்சுகீசிய மொழிப் பக்கம் சுருக்கமாக இரண்டு. மொசாம்பிக்கின் லூயிஸ் பெர்னார்டோ ஹொன்வானா 1964இல் வெளியிட்ட கதைத்தொகுப்பின் தலைப்புக் கதையில், சொறிபிடித்த கிழட்டு நாயைச் சுட்டுக் கொல்லும் வேலையை ஒரு பையன்கள் கூட்டம் ஏற்கிறது. கூட்டத்தில் இருக்க வேண்டுமென்றால் சுட வேண்டும், சுட மனசில்லாத கறுப்பினப் பையன் என்ன செய்வான்? அவ்வளவுதான் கதை, ஒரே மூச்சில் படித்துவிடலாம். அந்த வருஷமே ஹொன்வானாவைப் போர்ச்சுகீசிய ரகசிய போலீஸ் சிறையில் போட்டது. அங்கோலாவின் ஒன்ஜாகி எழுதிய 'போம் தியா கமரதாஸ்' (2001) முகத்தில் சிரிப்போடு படிக்கக்கூடியது. சுதந்திரத்துக்குப் பிந்தைய லுவாண்டா, க்யூபாவிலிருந்து வந்த வாத்தியார்கள், எல்லோரும் 'தோழர்'. போர்ச்சுகீசியர் காலமே தேவலை என்கிற வயதான சமையல்காரரோடு வாதம் செய்கிற பையன். துயரம் இல்லாமல் ஆப்பிரிக்கக் கதையே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் கையில் கொடுப்பேன்.

நாவல் மட்டும்தான் வளரும் கதையா என்றால், இந்த வட்டாரத்தில் சுயசரிதைக்கும் சரிபாதி இடம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் எஸ்கியா ம்பாஷ்லேலே எழுதிய 'டவுன் செகண்ட் அவென்யூ' (1959) அதில் ஒன்று. கிராமத்தில் ஆடு மேய்த்த சிறுவன், பிறகு பிரிட்டோரியாவின் மராபஸ்டட் சேரியில் பாட்டி வீட்டில் வளர்கிறான். பெண்கள் வெள்ளைக்காரர் வீட்டுத் துணி வெளுக்கிறார்கள், திருட்டுத்தனமாக பீர் காய்ச்சித் தரையில் புதைத்து வைக்கிறார்கள், ராத்திரி போலீஸ் வந்து தோண்டுகிறது. அந்தப் பையன் படித்து ஆசிரியராகி, கறுப்பினப் பிள்ளைகளைக் கூலி வேலைக்கு மட்டும் தயார் செய்கிற பாண்டு கல்வித் திட்டத்தை (1953இல் சட்டமானது) எதிர்த்ததால் வாத்தியார் வேலை போய், 1957இல் நாட்டை விட்டே போனார். ஊரை விட்டுப் போனபிறகு எழுதின பால்யம் என்பதால் தெருவின் பெயர் அவ்வளவு அழுத்தமாகத் தலைப்பில் ஏறியிருக்கிறதோ என்னவோ. அவர் எழுத்துகளுக்குச் சொந்த நாட்டில் தடை வேறு.

இந்தப் புத்தகங்களில் பாட்டிகள் ஏன் இவ்வளவு, அப்பாக்கள் எங்கே போனார்கள் என்று ஒரு கட்டத்தில் தோன்றும். 1886இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில் தங்கம் கண்டுபிடித்ததிலிருந்து சுரங்கங்கள் ஆம்பிளைகளை இழுத்துக்கொண்டே இருந்தன, லெசோத்தோ, மொசாம்பிக், மலாவி வரைக்கும். ஒப்பந்தம் முடிகிறவரை ஆம்பிளைகளுக்கு விடுதி, குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. ஒரு கதையில் அப்பா வருஷம் ஒருமுறை தகரப்பெட்டியோடு வந்து போகிற விருந்தாளியாக இருந்தால் அது அந்தக் குடும்பத்தின் குணக்கேடு என்று மட்டும் படித்துவிடக் கூடாது.

அதனால் நான் செய்கிற ஒரு காரியம்: புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் இரண்டு வருஷம் எழுதிக்கொள்வேன், கதை நடக்கிற வருஷம், புத்தகம் வந்த வருஷம். 1968இல் நடப்பதை 1988இல் எழுதினால், எழுதுகிறவருக்கு நாடு சுதந்திரம் அடைந்தது தெரியும், கதையில் வருகிற பெண்ணுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் எழுத்தாளர் கண்ணடிக்கிறார். புரியாத வார்த்தை வந்தால் உடனே போனை எடுக்காமல் நாலு பக்கம் பொறுத்துப் பாருங்கள். 'சட்ஸா' மக்காச்சோள மாவில் கிண்டுகிற களி என்பது யாரும் சொல்லாமலே அடுப்படிக் காட்சியில் தெரிந்துவிடும்.

தமிழ்த் தொடர்பு வேண்டும் என்பவர்களுக்கு ரோனி கோவெண்டரின் 'அட் தி எட்ஜ்' (1996) கதைகள். மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பல் டர்பனுக்குப் போனது 1860இல். அவர்கள் வழிவந்தவர்கள் குடியிருந்த கேட்டோ மேனர் என்ற பகுதியை, யார் எங்கே வசிக்கலாம் என்று இனம் பார்த்துப் பிரித்த சட்டம் காலி செய்தது, அந்த ஊரைக் கதைகளில் திரும்பக் கட்டியிருக்கிறார். கோவெண்டர் என்ற பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கவுண்டர் கேட்கும். இவை எல்லாமே வளரும் கதைகள் இல்லை, ஆனால் சேர்த்துப் படிக்கலாம்.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், நேரம் குறைவு என்பவருக்கு ஹொன்வானாவின் நாய்க்கதை, ஒரு மாலை போதும். நாவலே படிக்கலாம் என்பவருக்குத் தம்பு. அண்ணன் சாவுக்கு வருந்தாத அந்த முதல் வாக்கியத்தில் புத்தகத்தை மூடிவிடாமல், அவள் விதை கேட்டு அடம்பிடித்து மண்வெட்டியோடு இறங்குகிற பக்கம் வரைக்கும் போய்விடுங்கள்.